கதிரைக்கார நானாவும் என் மூடுபனியும்

கதிரையில் உட்கார்ந்த ஒருவர் பாதியில் எழும்பினால் நானாவுக்குப் பொறுக்காது. எழும்புகிறவர் அவசரத்துக்கு ஒதுங்கப் போகிறவரா, அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிப் போகிறவரா என்பதெல்லாம் அவருக்கு அடுத்த பட்சம். பந்தலின் எந்த மூலையில் நின்றாலும் கதிரைக் கால் தரையில் உரசுகிற சத்தம் அவர் காதில் விழுந்துவிடும். அடுத்த நிமிடம் அங்கே நிற்பார். "எங்க போறீங்க? இப்பதானே வந்தீங்க? இரிங்க, இரிங்க. இனித்தான் நல்ல எடம் வரப்போகுது" என்பார். திரையில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

மாத்தளை டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்புறம் கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள், தகரப் பந்தல், ஒலிபெருக்கி, ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற சோற்றுச் சட்டிகள், அடுக்கு அடுக்காகச் சகன் தட்டுகள். சகன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற பெரிய தட்டு. எங்கள் பக்கத்து முஸ்லிம் கல்யாணங்களில் அது இல்லாமல் விருந்து இல்லை. அவருடைய சொந்தப் பெயர் ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். ஊர் முழுக்க அந்தப் பெயரில் முதுகு சாய்த்திருக்கிறதே தவிர, அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கதிரைக்கார நானா. நானா என்றால் அண்ணன்.

இந்த மனிதர் எப்படி எங்களைப் போன்றவர்களிடம் வந்து மாட்டினார், அல்லது நாங்கள் எப்படி அவரிடம் மாட்டினோம் என்பது ஒரு சின்னக் கதை. எங்களைப் போன்றவர்கள் என்றால், சொந்தச் செலவில், சிநேகிதர்களின் கமெராவில், உறவினர்களை நடிக்கவைத்துப் படம் எடுத்துவிட்டு, அதை யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் முழிப்பவர்கள். தியேட்டர்காரர்கள் எங்களைக் கண்டால் நன்கொடை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அப்படிப் படம் எடுத்த கொழும்புப் பெண் ஒருத்தி, மாத்தளையில் ஒரு மண்டபம் எடுத்து, நானாவிடம் கதிரைகளும் வாங்கிப் போட்டுத் தன் படத்தைக் காட்டினாள். முடிந்த பிறகு கதிரைகளை ஏற்ற லொறியோடு போன நானா, முன்வரிசையில் அவளும் அவளுடைய தாயும் மட்டும் இருப்பதைக் கண்டார். மற்றக் கதிரைகள் எல்லாம் அவர் போட்டபடியே தூசு படாமல் இருந்தன.

அவருக்கு வயிறு எரிந்துவிட்டது. "மகள், ஆக்கள் படத்துக்கிட்ட வரமாட்டாங்க. படம்தான் ஆக்கள்ட்ட போகணும். ஆக்கள் ஏற்கெனவே கூடி இரிக்கிற எடமெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க படத்தக் கொண்டு என்னோட வாங்க" என்றார்.

அன்று தொடங்கியது அவருடைய வினியோகம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலையே பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, விளக்கும் கட்டியாகிவிடும். அந்த மாலை வெறுமனே கிடக்கும். அந்த வெற்று மாலைகளில் படம் போட்டார். கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பந்தல் கொடியிறக்கிய மறுநாளும் நிற்கும். அதிலும் போட்டார். மணமேடைக்குப் பின்னால் தொங்கவிடும் வெள்ளைத் துணிதான் திரை. அதன் ஓரம் முழுக்கத் தங்க ஜரிகை. பசி, வறுமை, காணாமற்போனவர்கள் என்று நாங்கள் எடுத்த படங்கள் எல்லாம் மாத்தளை மாவட்டத்தில் ஜரிகைக் கரையோடுதான் ஓடின.

டிக்கெட் கிடையாது. வருகிற வீட்டார் கொஞ்சம் அரிசியோ, ஒரு தேங்காயோ, தோட்டத்தில் காய்த்ததையோ கொண்டுவர வேண்டும். படம் ஓடும்போது திரைக்குப் பின்னால் சமையல் நடக்கும். படம் முடிந்ததும் சாப்பாடு. எங்கள் படங்களைப் பற்றி அவர் கேட்கிற ஒரே கேள்வி, "எவ்வளவு நீளம்?" என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டு அடுப்பைக் கணக்குப் பண்ணுவார். சின்னப் படம் என்றால் ரொட்டியும் சம்பலும். கொஞ்சம் நீண்டால் சோறும் பருப்பும். என் படத்தின் நீளத்தைச் சொன்னபோது, "அப்ப கோழி போடலாம். நல்லா வேக நேரம் இரிக்கிது" என்று சந்தோஷப்பட்டார்.

படம் முடிந்ததும் மேடையில் நின்று கலந்துரையாடுவது எங்கள் கூட்டத்தாரின் வழக்கம். முதல் நாளே அதை நிறுத்திவிட்டார். "கேள்வி இரிக்கா எண்டு கேட்டா சனம் எழும்பிரும், தம்பி" என்றார். அதற்குப் பதிலாக இயக்குநரைக் கொண்டுபோய், முன்பின் தெரியாத ஐந்து பேரோடு ஒரு சகனில் உட்காரவைப்பார். வாயில் சோறு இருக்கும்போது மனிதர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருடைய எண்ணம். அது பெரும்பாலும் சரிதான்.

சகனில் ஒரு மரியாதை உண்டு. நடுவில் இருக்கும் நல்ல கோழித் துண்டை யாரும் தனக்கு எடுக்க மாட்டார்கள். விருந்தாளியின் பக்கம் விரலால் தள்ளிவிடுவார்கள். எங்களுக்குள் அதுவே பரிசு ஆகிவிட்டது. இன்றைக்கு எந்தத் துண்டு தள்ளினார்கள் என்று படமெடுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் போன் பண்ணி விசாரித்துக்கொள்வோம். அந்தக் கொழும்புப் பெண்ணுக்கு ஓர் ஊரில் கழுத்தெலும்பு வந்தது. அடுத்த ஊருக்குப் போவதற்குள் படத்தைப் பாதியாக வெட்டிவிட்டாள்.

இனி என் படம். தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் வாழும் அப்பாவும் மகளும்தான் கதை. அப்பா தினமும் மலைப்பாதையில் வேலை முடிந்து வருவார். ஒருநாள் செத்துப்போகிறார். அடக்கம் முடிந்த மாலை, மகள் வாசலில் நின்று அந்தப் பாதையைப் பார்க்கிறாள். பாதை முழுக்க மூடுபனி. அந்த மூடுபனியை நான் வெட்டாமல், அசையாமல், நீண்ட நேரம் காட்டியிருந்தேன். படம் முழுவதையும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் எடுத்தேன் என்று சொல்வேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அப்போது என் நிலைமை நன்றாக இல்லை. எங்கள் அத்தானுக்குக் குருநாகலில் ஹாட்வெயார் கடை. "ஒன் படத்த ஒரு ஆளாவது ஆசப்பட்டு பாக்குறாங்களான்னு பாரு தம்பி. இல்லாட்டி பேசாம வந்து கடைய பாத்துக்க" என்று அக்கா சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் பயம் பிடித்துக்கொண்டது. நானாவோடு ஊரூராகப் போகும் அந்தச் சுற்றோடு ஏதாவது முடிவு தெரியாவிட்டால் ஆணி நிறுக்கப் போவதென்று நானும் ஒப்புக்கொண்டிருந்தேன்.

முதல் ஊர் கலேவெல. படம் முடியும்வரை ஒருவர்கூட எழும்பவில்லை. சகனில் உட்கார்ந்தால், ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கோழித் துண்டை என் பக்கம் தள்ளினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை கழுவும்போது பக்கத்தில் நின்ற வெங்காய வியாபாரி என் தோளைத் தட்டினார். "வயிறு நெறஞ்சிச்சா தம்பி? நானா சென்னாரு, நீங்க காலையில இரிந்து ஒண்டும் திங்கல்லயாமே. பாவம்" என்றார். அன்று நான் காலையில் ஆறேழு இடியப்பம் சாப்பிட்டிருந்தேன்.

நானாவிடம் கேட்டேன். "தம்பி, அவங்க தள்ளினது உண்மைதானே? காரணத்த ஏன் கிண்டுறீங்க?" என்று சொல்லிவிட்டுக் கதிரை அடுக்கப் போய்விட்டார்.

அடுத்தது நாவுல. அங்கே ஒரு சிங்களக் கல்யாண வீட்டுப் பந்தல். மறுநாள் காலை மாப்பிள்ளை வரவேண்டும். என் படத்தில் சாவு இருக்கிறது என்பதை நானாவுக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவரும் நீளத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. திரையில் அப்பா தரையில் சாய்ந்ததும் மணப்பெண்ணின் பெரியம்மா படாரென்று எழும்பினார். கல்யாண வீட்டில் முதல்நாள் சாவா! அவரோடு சேர்ந்து வரிசையே எழும்பத் தொடங்கியது. கதிரைகள் உரசுகிற சத்தம் கேட்டு, சமையல் கரண்டியோடு ஓடிவந்தார் நானா. ஒலிவாங்கியைப் பிடுங்கினார். சிங்களத்தில் உரத்துச் சொன்னார். "இரிங்க! இரிங்க! சாகல்ல! மயக்கம்! சும்மா மயக்கம்!"

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். என் படத்தின் அடியில் அதுவரை சிங்கள எழுத்து போட்டிருக்கவில்லை. அதனால் பேசுவதை எல்லாம் நானாவே ஒலிவாங்கியில் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். மகள் கதறி அழும்போது, "அப்பாவுக்கு மருந்து வாங்கக் காசில்லை என்று அழுகிறாள்" என்றார். பறை அடிக்கும்போது, "குணமாக வேண்டுமென்று நேர்த்திக்கடன்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதைக் கண்டதும் அவரே கொஞ்சம் திணறிப்போனார். பிறகு சமாளித்து, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க" என்றார். குழிக்குள் இறக்கும் காட்சியில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்.

அன்று என் சகனில் பெரியம்மாவும் இருந்தார். கோழித் துண்டைக் கையில் பிடித்தபடி, தள்ளவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல், என்னையே பார்த்தார். "மயங்கின மனுசன ஏன் மகன் பொதச்சீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். நானா பின்னாலிருந்து சகனில் என் பக்கம் பருப்பு ஊற்றிக்கொண்டு, "டைரக்டர் வயசுல சின்னவரு. இனிமே கவனமா இரிப்பாரு" என்றார்.

மூடுபனியைப் பற்றியும் ஊருக்கு ஊர் சொன்னார்கள். கலேவெலயில், "அந்தப் பொக வந்த எடத்துல மெசின் பழுதாகிட்டோ தம்பி?" என்று கேட்டார்கள். நாவுலவுக்குப் பிறகு போன, நான் வளர்ந்த தோட்டத்துக் கோயில் பந்தலில் ஒரு கங்காணி, "மூடுபனிய நாங்க தெனம் பாக்குறோமுங்க. அதுக்கு எதுக்குங்க கதிர போட்டு ஒக்காரணும்?" என்றார். வெட்டிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். நானா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "அந்த எடத்துலதான் எனக்கு வெங்காயம் நல்லா வதங்குது. இரிக்கட்டும்" என்றார்.

குட்டு உடைந்தது அதே கோயில் பந்தலில்தான். படம் ஓடிக்கொண்டிருந்தபோது தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் போனேன். அடுப்பு அணைந்திருந்தது. சட்டி மூடியிருந்தது. நானா அதன் மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கடைசி வரிசையிலிருந்து மெல்ல நழுவி வந்த ஒருவர், "ஆச்சுங்களா நானா?" என்று குசுகுசுத்தார்.

"அரிசி இன்னும் வேகல்ல. போய் இரிங்க. படம் முடியத்தான் சரியா வரும்" என்றார் நானா.

அந்த மனிதர் பெருமூச்சு விட்டபடி போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தார். நான் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். சோறு எப்போதோ வெந்து, ஆறவும் தொடங்கியிருந்தது.

அங்கேயே சண்டை பிடித்தேன். திரைக்கு முன்னால் என் படத்தின் அப்பா இருமிக்கொண்டிருந்தார். பின்னால் நாங்கள் இருவரும் குரலை அடக்கிக்கொண்டு கத்தினோம்.

"இவங்க எல்லாரும் சோத்துக்காக ஒக்காந்திருக்காங்க நானா. படத்துக்காக இல்ல. என்னய நல்லா ஏமாத்திட்டீங்க."

"கல்யாணத்துக்கு வாற ஆக்கள் மாப்புளய பாக்கவா வாறாங்க? சோத்துக்குத்தான் வாறாங்க. அதுக்காக நிக்காஹ் செல்லுபடியாகாம போயிருமா?"

"எனக்கு ஒரே ஒரு ஆள் போதும். ஒரு ஆள், ஒண்ணும் கெடைக்காட்டியும் பாக்கணும். இல்லாட்டி நான் ஹாட்வெயார் கடைக்குப் போறேன். சாப்பாட்ட முன்னுக்கு குடுங்க. சாப்பிட்டுட்டுப் போறவங்க போகட்டும். யார் இருக்காங்கன்னு பாப்போம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்திருக்க வேண்டும். சட்டி மூடியில் விரலால் தாளம் போட்டபடி யோசித்தார். பிறகு, "சரி. அடுத்தது லக்கல. அங்க வச்சிக்குவோம். சாப்பாடு முன்னுக்கு. இன்ஷா அல்லாஹ், ஒங்கட படம் மட்டும்தான்" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லொறியில் லக்கலைக்குப் போனோம். இந்த முறை சிங்கள எழுத்துகளைப் பெரிதாகப் படத்திலேயே போட்டிருந்தேன். நானாவுக்கு ஒலிவாங்கி வேலை வைக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். கிராமத்து மரண உதவிச் சங்கத்தின் கொட்டகையில்தான் படம். சங்கத்துக்குச் சொந்தமாகக் கதிரைகள் இருந்தன. நானா அவற்றில் ஒன்றை ஆட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுத் தன்னுடையவற்றையே இறக்கினார்.

வெயில் சாயும்போதே சாப்பாடு போட்டாகிவிட்டது. சகனைச் சுற்றி உட்கார்ந்து கைபோடுவது அந்தச் சனங்களுக்குப் புதிது. சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலையும் போட்டார்கள். இனி அவர்களுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வரவேண்டியதில்லை. நானா ஒலிவாங்கியில், "சாப்பாடு முடிஞ்சிது. இனி படம் மட்டும்தான். இரிக்கிற ஆக்கள் இரிங்க" என்று சிங்களத்தில் நேர்மையாகச் சொன்னார். இருட்டியதும் படத்தைத் தொடங்கினோம்.

நான் கடைசி வரிசையில் ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்து, படத்தைப் பார்க்காமல் முதுகுகளைப் பார்த்தேன். அப்பா இருமினார். யாரும் எழும்பவில்லை. அப்பா செத்தார். யாரும் எழும்பவில்லை. மூடுபனி வந்தது. ஒருவர் கொட்டாவி விட்டார், ஒரு பிள்ளை சிணுங்கியது. ஆனால் ஒரு கதிரைகூட உரசவில்லை. படம் முடிந்தபோது கொட்டகை நிறைந்தபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. குருநாகல் என் கண்ணைவிட்டு மறைந்தே போனது.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணிடம், "யாரும் எழும்பிப் போகவில்லை, பார்த்தீர்களா!" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது?

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எழும்பி எங்க போற மகன்? இருட்டினா குளக்கட்டுல யானை நிக்கும். டிராக்டர் வந்து எல்லாரையும் ஒண்டா ஏத்திக்கிட்டுத்தான் போகணும். இன்னைக்கு டிராக்டரயும் காணல்ல" என்றாள்.

நான் திரும்பி நானாவைத் தேடினேன். அவர் குனிந்து ஒரு கதிரையின் கால் ஆடுகிறதா என்று மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதானே லக்கலைக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நீங்க சோத்த முன்னுக்குத் தரச் சென்னீங்க, தந்தேன். யானையப் பத்தி நீங்க ஒண்டும் கேக்கல்லயே தம்பி."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை. விளையாட்டு போதும் என்றிருந்தது. "நாளைக்கே நான் குருநாகலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கொட்டகையை விட்டு வெளியே போய் லொறியின் படியில் உட்கார்ந்தேன். அவர் என் பின்னால் வந்தார். லொறியடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உள்ளே சனங்களுக்குப் பொழுது போகவில்லை. டிராக்டர் வந்த பாடில்லை. யாரோ, "சும்மாதானே இரிக்கிறோம், திரும்பப் போடுங்க" என்றார்கள். "அந்தப் புகையை விட்டுட்டுப் போடுங்க" என்று இன்னொரு குரல் வந்தது. நானா என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர் புரொஜெக்டரை முடுக்கினார். எதையும் தள்ளாமல் முழுவதையும் ஓடவிட்டார்.

படம் பாதி தாண்டிய பிறகு குளக்கட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. யானை விரட்டுகிற வெடி. கொஞ்ச நேரத்தில் டிராக்டர் வந்து நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிய டிரைவர், கையில் டோர்ச்சும் தோளில் வெடிப் பையுமாக இறங்கினார். "வாங்க வாங்க, ஏறுங்க!" என்று கத்திக்கொண்டே கொட்டகைக்குள் போனார். சிலர் எழும்பினார்கள். தூங்கின பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டிராக்டரின் பின்பெட்டியில் ஏறத் தொடங்கினார்கள். நானா அவர்களை மறிக்கவில்லை. "இரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த நேரம் திரையில் மூடுபனி தொடங்கியது.

டிரைவர் திரையைப் பார்த்தார். வாய் பாதியில் நின்றுவிட்டது. டோர்ச்சை அணைத்தார். கண்ணை எடுக்காமலே பின்னால் நகர்ந்து, கையால் தடவி, கடைசி வரிசை ஓரத்தில் நான் விட்டுப்போன கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பெட்டியில் ஏறினவர்கள் அங்கிருந்து கூப்பிட்டார்கள். அவர் கையை மட்டும் பின்னால் நீட்டி, பொறுங்கள் என்று காட்டினார். நான் லொறியை விட்டு இறங்கி அவர் பின்னால் போய் நின்றேன். மூடுபனி போய்க்கொண்டே இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, வெடிப் பையை மடியில் பிடித்தபடி, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க நிக்கிது?" என்று தனக்குள் முணுமுணுத்தார். பனிக்குள்ளே யானை நிற்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். அந்தப் பாதைகளில் இரவும் விடியலும் வண்டி ஓட்டுகிறவர் வேறென்ன நினைப்பார்?

யானை வரவில்லை. மகள் வாசலில் நின்றாள், பிறகு கதவைச் சாத்தினாள். படம் முடிந்தது. டிரைவர் உடனே எழும்பவில்லை.

நான் எடுத்த படம் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். திரும்பி என்னைப் பார்த்தார். "முதல்ல யானை வரும் எண்டு பாத்தேன் மல்லி" என்றார் சிங்களத்தில், தம்பி என்று கூப்பிட்டு. "பிறகு அந்தப் புள்ளைய பாத்தேன். அவட அப்பா வருவாரு எண்டு பாத்தேன்." படத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். டோர்ச்சை அடித்துக்கொண்டு போய் டிராக்டரில் ஏறினார்.

படம் எடுத்த காலம் முழுவதும் அந்தக் காட்சியைப் பற்றி நான் யாருக்கும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நான் அங்கேயே நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

நானா கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். அந்த ஓரத்துக் கதிரைக்கு வந்ததும் நின்றார். அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தம்பி, இந்த மனுசனுக்கு மட்டும் நான் ஒண்டும் குடுக்கல்ல. சோறும் இல்ல. யானையும் இல்ல."

குருநாகலுக்கு நான் போகவில்லை. அக்கா கொஞ்ச நாள் கோபப்பட்டுவிட்டு, அடுத்த படத்தில் நடிக்க வந்தார். நானா இப்போது கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, அக்குறணையில் மகளோடு இருக்கிறார். அங்கே பள்ளிவாசலில் பிரசங்கம் முடியுமுன் யாராவது எழும்பினால் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறாராம்.

அவர் எங்களுக்குச் செய்த தில்லுமுல்லுகளை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். கலேவெல, நாவுல, லக்கல, ஒன்றையும் விடவில்லை. அந்த டிரைவரின் போன் இலக்கமும் என்னிடம் இருக்கிறது. அடுத்த படம் வந்தால் சொல்லு என்று, டிராக்டரில் ஏறுமுன் அவரே தந்தது. அன்று இரவு டிராக்டர் ஏன் அவ்வளவு பிந்தியது, வரும் வழியில் யாராவது போன் பண்ணி ஏதாவது சொன்னார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், தெரிந்துவிடும். ஒவ்வொரு படம் முடிந்ததும் அவருக்குப் போன் பண்ணுகிறேன். மழையைப் பற்றிப் பேசுகிறோம், யானையைப் பற்றிப் பேசுகிறோம். அதை மட்டும் நான் கேட்பதில்லை.